கடல் மூடியிருந்த ஊர்

என் கணவருக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம் பிடித்தது ஐம்பது தாண்டிய பிறகு. அதுவரை அவருக்கும் கடலுக்கும் இருந்த உறவு, சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்வேல் மீன்கடையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. வேலைத்தலத்து நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ண் குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போன மனுசன் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். ரோவிலில் எங்கள் வீட்டுக் கராஜிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டுக் கயிறும் பாயும் குடியேறின. பிறகு ஒரு பழைய படகும் வந்தது. நான் கத்திப் பார்த்தேன், கதைக்காமல் இருந்து பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை.

அந்தப் பைத்தியத்துக்கு ஒத்து ஊதியவர் என் அத்தான், அக்காவின் கணவர். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்துகொண்டு வாராவாரம் போன் எடுப்பார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பிஜித் தீவுகளைச் சுற்றுவார்கள். அத்தானுக்கு நீந்தவே தெரியாது. ஆனால் எந்தத் தீவுக்கு எந்த மாதம் போகவேண்டும், அங்கே என்ன மீன் ருசி என்றெல்லாம் பிறந்து வளர்ந்தவர் போலச் சொல்லுவார். எல்லாருமாகப் போவதென்று முடிவும் செய்திருந்தோம். அதற்குள் நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை.

செத்தவீடு சிட்னியில் நடந்தது. மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறித்த நேரம்தான். ஐயர் கிரியையைப் பாதியாகச் சுருக்கினார். புகை அலாரம் அடிக்கும் என்று பேரப்பிள்ளைகள் பந்தத்தைக் கொளுத்தாமலே பிடித்தார்கள். அக்கா வாய்க்கரிசி போட்டுவிட்டு அத்தானின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றபோது, கதவோரம் நின்ற ஊழியர் மரியாதையாகத்தான் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே அடுத்த குடும்பம் வந்து நின்றது. "அம்மா, வி ஹாவ் டு கோ" என்று மகள் தோளைத் தொட்டாள். யாரிலும் பிழை சொல்ல முடியாது. அக்கா கையை எடுத்தாள், பெட்டி உள்ளே போனது. அடுத்த கிழமை பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள், அதற்கடுத்த கிழமை அக்காவும் போனாள்.

அதன் பிறகு எப்போது போன் எடுத்தாலும் கடைசியில் அந்த அவசரத்தைப் பற்றிய ஒரே கதைதான்.

"அவரை அவதி அவதியாத் தள்ளி விட்டிட்டம் பிள்ளை."

நான் நேர்ஸ். எத்தனையோ மரணங்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். சொந்த அக்காவுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சாம்பலையும் சிட்னிக் கடலில் கரைக்க அவள் விடவில்லை. அவர் போக ஆசைப்பட்ட கடலில், இந்த முறையாவது ஆறுதலாக, யாரும் மணிக்கூடு பார்க்காமல் விடவேண்டும் என்றாள். அதற்காகத்தான் அந்தப் பயணம். இல்லாவிட்டால் என்னைப் படகில் ஏற்றியிருக்க ஏலாது.

பெருங்கடல் தாண்டும் வேலையை என் கணவரும் அவருடைய நண்பரும் பார்த்துக்கொண்டார்கள். பிஜியில் நண்பர் இறங்கிப் பிளேன் ஏற, நானும் அக்காவும் பிளேனில் போய்ப் படகில் ஏறினோம். விமான நிலையத்தில் இளம் சுங்க அதிகாரி சாம்பல் இருந்த செப்புச் செம்பைக் காட்டி என்ன இது என்று கேட்க, அக்கா இங்கிலீஷில், "மை ஹஸ்பண்ட்" என்றாள். அந்தப் பிள்ளை, கணவர் என்று பக்கத்தில் ஒருவரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு விளங்கி, எழும்பி நின்றே பத்திரங்களைப் பார்த்துத் தந்தது.

படகில் என் கணவர் செம்பை ஒரு மூலையில் வைத்து, உருளாமல் அதைச் சுற்றி ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கட்டியிருந்தார்.

"உயிரோட இருக்கேக்க கூட ஆளுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கேல்லை" என்றேன்.

"சும்மா இரும். கப்பலில ஆளுக்கொண்டு கட்டாயம்" என்றார் கப்டன்.

கட்டாயங்களில் அவருக்கு அப்படியொரு பிரியம். தீவுக்குப் போகிறவர்கள் எப்படி நடக்கவேண்டும் என்று வாசித்து வாசித்து மனப்பாடம் செய்திருந்தார். தொப்பி கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது, தோளில் பை கூடாது, முழங்கால் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதல், ஊர்ப் பெரியவரிடம் போய்க் கவா வேர்க்கட்டு ஒன்றை முன்னால் வைத்து அனுமதி கேட்கவேண்டும். அந்த வேரை இடித்துக் கரைத்து அவர்கள் எங்களோடு சேர்ந்து குடித்தால்தான் நாங்கள் அந்த ஊர் விருந்தாளிகள். அதற்குமுன் கரையில் சுற்றவும் கூடாது, தண்ணீரில் இறங்கவும் கூடாது. கடல் எல்லாருக்கும் பொதுதானே என்று நான் கேட்க, "உமக்கு ரோவிலில வீட்டுக்குப் பின்னால இருக்கிற வளவு பொதுவோ?" என்று கேட்டார். அவர்களுக்குக் கரைக்கு முன்னால் உள்ள கடல் வளவுதான்.

இப்படியெல்லாம் ஒத்திகை பார்த்துத்தான் அந்தத் தீவில் நங்கூரம் போட்டோம். கரையைச் சுற்றி மதில் போலக் கிடந்த முருகைக்கல் பாருக்கு உள்ளே கண்ணாடி போலத் தண்ணீர். கடலில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது, ஆனால் கேட்க ஆள் இல்லை.

கரைக்குப் போக வெளிக்கிடும்போது அக்கா வரமாட்டேன் என்றாள்.

"ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. துடக்குக்காரி புது ஆக்களின்ர படி மிதிக்கக் கூடாது. அவையளுக்குத்தான் கூடாது. நீங்கள் போட்டு வாங்கோ, நான் அவரோட இருக்கிறன்."

அதில் எங்கள் இருவருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. சாவு நடந்த வீட்டுக்காரர் வருடம் திரும்பும்வரை ஒதுங்கி நிற்பதுதானே எங்கள் பக்கத்து மரியாதை. அவளைப் படகில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் சின்ன ரப்பர் வள்ளத்தில் போனோம்.

பாய் விரித்த பெரிய வீடு. ஊர் சார்பில் பேசுகிற பேச்சாளர், நடுத்தர வயது மனிதர், எங்களை இருத்தினார். இங்கிலீஷ் நன்றாகப் பேசினார். பின்னால் வயதான பெண்கள் வரிசையாக இருந்தார்கள். என் கணவர் வேர்க்கட்டைப் பாயில் வைத்து, பாடமாக்கி வந்ததைத் தடுமாறாமல் சொன்னார். அந்த மனிதர் வேரைத் தொடவில்லை. படகில் எத்தனை பேர் என்று கேட்டார்.

மூன்று பேர் என்றார் இவர்.

மற்றவர் எங்கே?

"அவ படுத்திருக்கிறா" என்று இவர் இங்கிலீஷில் சொல்லி வைத்தார். துடக்கை இங்கிலீஷில் விளங்கப்படுத்துவதை விட நித்திரை சுகம் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த வீட்டு வாசலால் பார்த்தால் எங்கள் படகு அப்படியே தெரிகிறது, அதன் பின்தட்டில் அக்கா குந்திக்கொண்டு இருப்பதும் தெரிகிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்த மனிதர் கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னார். எங்கள் தலைவர் இறந்துவிட்டார். அவருக்காகப் பாருக்கு உள்ளே உள்ள கடலை மூடியிருக்கிறோம். நூறாவது இரவு முடியும்வரை யாரும் மீன் பிடிப்பதில்லை, குளிப்பதில்லை, பிள்ளைகள் விளையாடுவதும் இல்லை. போன மாதம் ஒரு படகு வந்தது. இரண்டு பேர் இங்கே இருந்து எங்களோடு கவா குடித்தார்கள். மூன்றாவது ஆள் படகின் பின்னால் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

என் கணவர் குனிந்து பாயின் ஓரத்தை நீவினார். வேர்க்கட்டு பாயில் அப்படியே கிடந்தது. இனி நானும் பேசாமல் இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நான் வாயைத் திறந்தேன். அவள் என் அக்கா, கணவரை இழந்தவள், அவருடைய சாம்பலோடு இருக்கிறாள் என்றேன். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்காரர் பிறர் வீட்டுக்குள் போவதில்லை, அது உங்களுக்குக் கூடாது என்றுதான் ஒதுங்கி நிற்கிறாள், உங்களை மதிக்காமல் இல்லை என்றேன்.

அவர் அதைத் தங்கள் மொழியில் சொன்னார். பின்வரிசையில் இருந்த பருத்த அம்மா ஒருவர் நீளமாக ஏதோ பேசினார். அவர்தான் இறந்த தலைவரின் மனைவி என்று பிறகுதான் தெரிந்தது.

"இந்த ஊர் முழுவதும் சாவு வீடுதான், இதில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அம்மா கேட்கிறார்" என்றார் அந்த மனிதர். "போய் அக்காவைக் கூட்டி வரட்டாம். அவருடைய கணவரையும் தனியே விடவேண்டாமாம்."

நான் படகுக்குப் போய் இதைச் சொன்னேன். அக்கா எழும்பினாள்.

"அவையளுக்கும் துடக்கெண்டால் பிறகென்ன" என்றாள். சேலையை மாற்றிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை அவிழ்த்து, செம்பை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் இறங்கினாள்.

அந்த அம்மா அவளைப் பக்கத்தில் இருத்தினார். வேரை இடித்தார்கள், கரைத்தார்கள், சிரட்டையில் எங்களுக்கும் வந்தது. சேற்றுத் தண்ணீர் போல இருந்தது, நாக்கு மரத்தது. பிறகு அந்த அம்மா, பேச்சாளர் மூலமாக, உங்கள் கணவருக்கு நீங்கள் எதை மூடினீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? ரயில் ஓடினது, கடை திறந்தது, பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டினான்.

"ஒண்டும் மூடேல்லை எண்டு சொல்லு" என்றாள். "நேரம் முடிஞ்சுது எண்டு அனுப்பினவை எண்டு சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா அக்காவின் முழங்காலில் கையை வைத்தார், பிறகு நாங்கள் எழும்பும்வரை எடுக்கவில்லை.

பாருக்கு வெளியே உள்ள கடல் மூடவில்லை, நாளைக்கே போய்ச் சாம்பலைக் கரைக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். படகுக்கு வந்ததும் என் கணவர், "நாளைக்கு நல்ல காத்து. விடிய வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குள்ள அலுவல் முடிஞ்சிடும் அக்கா" என்றார்.

"நான் வரேல்லை தம்பி. கடல் திறக்குமட்டும் நிப்பம்."

"அதுக்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேல கிடக்கு. காத்து மாறப்போகுது."

"ஒரு ஊரே ஒரு மனுசனுக்காகத் தண்ணியில கால் வைக்காமல் இருக்குது. அதுக்குள்ளால நான் எஞ்சினைப் போட்டுக்கொண்டு போய் என்ர அலுவலை முடிச்சிட்டு வாறதோ? அவருக்கெண்டு இவ்வளவு நாளும் ஒருத்தரும் நிக்கேல்லை. நான் கூட நிக்கேல்லை. இப்ப நிக்கிறன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, "உங்களுக்குக் காத்துத்தான் பெரிசோ?" என்று நான் பாய்ந்தேன். உண்மையில் எனக்கும் வீட்டுக்குப் போகத்தான் ஆசை. ஆனால் அவர் அதற்குமேல் வாதாடவில்லை. செம்பை மூலையில் வைத்துத் திரும்ப ஜாக்கெட்டைக் கட்டிவிட்டு, "கேட்டீங்களே அண்ணை, கப்டன் மாறியாச்சு" என்று அதனிடம் முறையிட்டார்.

நின்றோம். வேர்த்து ஒழுகும் வெயிலில், கைக்கெட்டும் தூரத்தில் அப்படியொரு நீலத் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதில் ஒரு விரல் நனைக்காமல் நின்றோம். பருப்பும் டின்மீனும் தின்றோம். படகுக்குக் கீழே கொழுத்த மீன்கள் ஊர்வலம் போக, என் கணவர் பெருமூச்சு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் காலையானதும் கரைக்குப் போய்விடுவாள். அந்த அம்மாவோடு இருந்து மரவள்ளிக்கிழங்கு உரிப்பாள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. இருவரும் தங்கள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடல் திறந்த நாள் காலை முழு ஊரும் கரையில் நின்றது. வலை, தூண்டில், கூடை, பிள்ளைகள், நாய்கள், ஒரே ஆரவாரம். பேச்சாளர் தன் வள்ளத்தைக் கொண்டுவந்து எங்கள் மூவரையும் ஏற்றினார். மற்ற வள்ளங்களும் பின்னால் வந்தன. பாரின் வாயில் வந்ததும் அவை எல்லாம் நின்றுவிட்டன. நாங்கள் மட்டும் வெளியே போனோம்.

"எங்கள் ஆளுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டோம்" என்றார் பேச்சாளர். "உங்கள் ஆளையும் அனுப்பிவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகுதான் வலை இறங்கும்."

அக்கா உடனே அந்தரப்பட்டாள். செம்பின் மூடியைத் திறக்கப் பிடித்தாள்.

"கெதியா முடிப்பம் பிள்ளை. சனம் பாத்துக்கொண்டு நிக்குது, பாவம், எத்தினை நாளா மீன் இல்லாமல் கிடக்குதுகள்."

நான் அதை அவரிடம் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டி, ஊர்ப்பக்கம் பார்த்து இருந்துகொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வள்ளங்களிலும் ஆட்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைகளின் சத்தம் கூட இல்லை.

அக்காவும் பார்த்தாள். மூடியிலிருந்து கையை எடுத்தாள். செம்பை மடியில் வைத்து, அத்தானின் நெற்றியைத் தடவுவது போல அதைத் தடவிக்கொண்டு, அவரோடு கதைக்கத் தொடங்கினாள். மூத்தவளின் புது வேலையைப் பற்றிச் சொன்னாள். சின்னப் பேரனுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். பின்வளவு எலுமிச்சை இந்த முறை காய்க்கவில்லை என்றும், கட்டிலில் அவர் படுத்த பக்கத்தில் தான் இன்னும் படுப்பதில்லை என்றும் சொன்னாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் மூடியைத் திறந்தாள்.