மிளகாய் இழுத்த ஏழு வயர்கள்

தெருவில் அவளுக்கு மிளகாய் என்று பேர். போனும் டிவியில் மாட்டுகிற கேம் பெட்டியும் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறாள். உடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலில் வசவு, பிறகுதான் ரசீது. வாங்கிக் கட்டிக்கொண்டாலும் அடுத்த தடவை அவளிடமே வருவார்கள். வேலை அப்படி.

ஆனால் இந்தப் பதினோரு நாளாக அவள் எரிந்து விழுவது கூடப்பிறந்த அண்ணன்மேல்.

இருவருக்கும் இளையவன் தம்பி, முப்பது வயது. ஒரு விபத்தில் குரல் போய்விட்டது. வலது கட்டைவிரல் தவிர வேறெதுவும் அசையாது. மிளகாய்தான் ஒரு பழைய கேம் பெட்டியைப் பிரித்து, உள்ளே வேறு நிரல் ஏற்றி, அவன் பேசுவதற்காக மாற்றிக் கொடுத்தாள். கட்டைவிரலால் ஜாய்ஸ்டிக் குச்சியை நகர்த்தி வார்த்தைகளைப் பொறுக்குவான், டிவி பேசும். டாக்டருக்கு வைத்த பட்டப்பேர், அம்மாவைச் சிரிக்கவைக்கிற வரிகள் என்று ஒன்பது வருஷமாக அவனே சேர்த்தவை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அப்படி மாற்றிய பெட்டியில் தப்பித்தவறிக்கூட அப்டேட் அழுத்தக்கூடாது. அண்ணன் அழுத்திவிட்டான். பெட்டி செத்தது. தம்பி பேச்சில்லாமல் கிடந்தான்.

பிரதி எடுத்துவைக்கிறேன், எடுத்துவைக்கிறேன் என்று ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்டவள் மிளகாய். தன்மேல் வந்த அந்த ஆத்திரத்தையும் சேர்த்து அண்ணன் தலையிலேயே கொட்டினாள்.

"கண்ணு பின்னாடியா இருக்கு உனக்கு? அழுத்தாதேன்னு பெட்டி மேலயே எழுதி ஒட்டியிருக்கேன்ல?"

"சரி, தப்புதான்" என்றான் அண்ணன். "புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?"

"வாங்கு, வாங்கு. டாக்டருக்கு இவன் வச்ச பேரையும் கடையில சேத்துக் கேளு."

அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. தம்பியின் அறையிலேயே கணினியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெட்டியின் நினைவகச் சில்லை நேராகப் படித்து, கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்து திரும்ப எழுதவேண்டும். மூன்று தடவை படிக்கணும், மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாமல் எதையும் எழுதக்கூடாது என்பது அவள் கடைச் சட்டம். தப்பான பிரதியை எழுதினால் இருப்பதும் போய்விடும். பெட்டியின் சர்க்யூட் பலகையில் ஏழு மெல்லிய வயர்களைப் பற்றவைத்து, மறுமுனையை அண்ணனின் கணினியில் மாட்டிய, சில்லைப் படிக்கிற ரீடரில் சொருகினாள். முதல் பிரதிக்கும் இரண்டாவதற்கும் நாற்பது இடத்தில் வித்தியாசம். மூன்றாவது இரண்டோடும் சேரவில்லை. ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தாள், ரீடரை மாற்றினாள், கேபிளை மாற்றினாள். என்ன செய்தும் பிரதிகள் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அண்ணனுக்கு ஒரு அர்ச்சனை நடந்தது.

பதினோராம் நாள் அம்மா துணி எடுக்க உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காந்தா என்ன கேடு? நடக்குற வழியில வயரை இழுத்துக் கட்டி வச்சுட்டு, நான் என்ன இதைத் தாண்டித் தாண்டியா போவேன்?"

மிளகாய் வயரைப் பார்த்தாள். இரண்டு முழம் இருந்தது. ஒரு சாணுக்கு மேல் போனால் ஒழுங்காகப் படிக்காது என்று கடையில் எத்தனை பேரை வறுத்தெடுத்திருக்கிறாள். அண்ணன் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் தள்ளி ஸ்டூலைப் போட்டு, அங்கிருந்து இழுத்திருக்கிறாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வயர்களை நறுக்கினாள். "நகரு" என்றாள்.

அண்ணன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து பற்றவைத்தாள். மூன்று தடவை படித்தாள். மூன்றும் ஒன்றாக இருந்தன. தொடக்கப் பகுதிதான் கெட்டிருந்தது; தம்பியின் வார்த்தைகள் பத்திரமாக இருந்தன. சரிசெய்து எழுதி, பெட்டியை டிவியில் மாட்டி, குச்சியை அவன் விரலடியில் வைத்தாள்.

கட்டைவிரல் நகர்ந்தது. அம்மா துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அண்ணனைத் திட்டாத" என்றது டிவி. "அழுத்தச் சொன்னது நான். அப்டேட் பண்ணுன்னு அந்தக் கட்டம் திரையில வந்து வந்து எழுத்தை மறைச்சுது. அவன் வேணாம்னுதான் சொன்னான்."

மிளகாய்க்குச் சுருக்கென்றது. பதினோரு நாள் பேசிய பேச்செல்லாம் காதுக்குள் திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் கோபமாகவே வெளியே வந்தது.

"இதைச் சொல்ல உனக்கு வாயில்லையா?" என்றாள் அண்ணனிடம்.

"சொல்லியிருந்தா அவனைத் திட்டியிருப்ப."

"திட்டத்தான் செய்வேன். அதுக்கென்ன?"

"அவனால திருப்பித் திட்ட முடியாதே" என்றான் அண்ணன். "எல்லாத்தையும் சும்மா கேட்டுட்டுக் கிடக்கணும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்த்துவிடக்கூடாது என்று சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினாள். "ஏண்டா எருமை" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டாள். முழுசாக ஒரு வசவு முடிவதற்குள் டிவி பதிலுக்குத் திட்ட ஆரம்பித்துவிட்டது.