எட்டுக்கும் முப்பதுக்கும் நடுவே

எண்ணூர் நிலக்கரிக் கிடங்கில் வேலை செய்த வரதனுக்கு இளைப்பு. வாயால் ஊதும் மூச்சுப் பயிற்சி செய்தால், இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடும் நூறு பேரில் எட்டிலிருந்து முப்பது பேர் வரை அந்த ஓட்டத்திலிருந்து தப்பலாம் என்று ஆராய்ச்சியில் தெரிந்ததாக நர்ஸம்மா சொன்னார். அதைக் கேட்டதும் வரதன் பயிற்சியை விட்டுவிட்டார்.

"கரெக்டா எத்தினினு அவங்களுக்கே தெர்ல. நான் இன்னாத்துக்கு ஊதிகினு குந்தணும்?"

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அவர் மனைவி வேம்பு சிரித்தாள். "கூடைய மேலாக்க பாத்து, நாப்பதுலேந்து அம்பது மீன் தேறும்னு நான் எடுக்கல? எண்ணியா எடுக்கறேன்? கொறஞ்சது நாப்பதுன்னா போதும்யா. இங்கயும் கொறஞ்சது எட்டு கீதுல்ல?"

"தப்பிக்கிறவங்கள்ல நான் இல்லாங்காட்டி?"

அதை யாராலும் சொல்ல முடியாது என்று நர்ஸம்மாவே சொல்லியிருந்தார்.

"அது ஆத்தா கைல கீது. நீ ஊது. நானும் கூட ஊதறேன்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினார்கள்.