குன்னூரிலிருந்து இறங்கிய ஆர்கிட்

பங்குனி மாதத்து ஞாயிறு, காலை ஒன்பது மணி. குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் நின்றிருந்தேன். ஸ்வெட்டர் போட்டும் குளிர் விடவில்லை. முந்தின நாள் சித்தி மகள் கல்யாணம். அதற்குத்தான் வந்தேன் என்றாலும், என் கைப்பேசியில் இருந்த ஒரு பூவின் படமும் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

படத்தை அனுப்பியவள் ரீமா. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நான் மேற்பார்வை பார்க்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கும் அசாம்காரப் பெண். நமக்குச் சித்திரை பிறக்கும்போதுதான் அவர்களுக்கும் புத்தாண்டு. பெண்கள் கொபௌ என்னும் ஆர்கிட் பூவைக் கொண்டையில் சூடி ஆடுவார்களாம். அதற்காகப் பதினைந்து நாள் விடுப்புக் கேட்டாள். ஷிப்மென்ட் இருக்கிறது என்று மூன்றாவது வருஷமாக மறுத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"சரிங்கக்கா. குன்னூர்ல இந்தப் பூ கெடைச்சா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

நர்சரிக்காரர் படத்தைப் பார்த்ததும் பிளாஸ்டிக் கூரைக்கடியில் போய் ஒரு செடியை எடுத்துவந்தார். நரிவால் போல ஒரு கொத்து மொட்டு தொங்கியது. ஒரு வாரத்தில் விரிந்துவிடும் என்றார். அறுநூறு சொல்லி ஐந்நூற்றைம்பதுக்குக் கொடுத்தார்.

"சூடு தாங்குற சாதிதாம்மா இது. ஆனா குளிர்ல இருந்து நேரா வெயிலுக்குக் கொண்டுபோகாதீங்க, நெழல்ல வெச்சு மெதுவாப் பழக்குங்க. வேரை மட்டும் மூடிடாதீங்க, காத்து படணும்."

நன்றாகத் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பதினொன்றரைக்கு மேட்டுப்பாளையம். மலையிறங்கிய முப்பத்தைந்து கிலோமீட்டரில் ஸ்வெட்டர் பைக்குள் போயிருந்தது. ஜன்னல் காற்று சுட்டது. செடி வாடிவிடுமோ என்று பதறினேன். திருப்பூர்க்காரி பையில் பனியன் வேஸ்ட் இல்லாமல் இருக்குமா? அந்தத் துணியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து வேரைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதன்மேல் பாலிதீன் கவரையும் மாட்டினேன். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு மாதிரி நேர்த்தியாக இருந்தது. எனக்கே பெருமைதான்.

அன்னூர், அவிநாசி வழியாகத் திருப்பூர் போகும் பஸ்ஸில் டிக்கெட் நாற்பது ரூபாய். அன்னூரில் ஏறிய ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் மடியையே பார்த்தார்.

"ஏங்கண்ணு, அதென்னுங்க, செடிங்களா?"

"ஆமாங்க. வாடாம இருக்க ஈரத்துணி சுத்தியிருக்கேனுங்க."

"இந்த வெயில்ல மூடி வெச்சா வெந்துபோகுமுங்க கண்ணு."

தெரிந்ததைப் போலச் சிரித்தேன். அவிநாசியில் அவர் இறங்கிய பிறகு கவரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. இன்னும் பத்து கிலோமீட்டர்கூட இல்லையே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்குக் கம்பெனிக்குப் பின்னாலிருக்கும் பெண்கள் விடுதியில் ரீமாவிடம் கொடுத்தேன். அவள் அவசரமாகக் கவரைக் கழற்றினாள். இட்லித் துணி போல ஆவி வந்தது. ஏழெட்டு மொட்டுகள் தரையில் உதிர்ந்தன. காம்போடு ஒட்டியிருந்தவையும் பழுத்திருந்தன.

"என் தப்புதான் ரீமா. வேரை மூடாதீங்கன்னு சொன்னாங்க, நாந்தான் கேக்கல."

அவள் நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து, கொழகொழத்த வேர் நுனிகளை நறுக்கினாள். மண்ணும் தொட்டியும் கேட்கவில்லை. வாசல் வேப்பமரத்தில் நிழல் விழும் பக்கமாகச் செடியைத் துணிக்கீற்றால் கட்டினாள். வேர்களைக் காற்றாட விட்டாள்.

"செடி பொழைச்சுக்குங்கக்கா. பூ இனி அடுத்த சித்திரைக்குத்தான்."

"என்ன தண்ணி ஊத்தறது?"

"போர் தண்ணி வேணாங்க, உப்பு. ஆபீஸ் ஏசியில சொட்டுற தண்ணியக் காலையில தெளிச்சாப் போதும். ஊர் மாறி வந்திருக்குல்ல, பதினஞ்சு நாள் யாரும் தொடாம விடணும்."

பதினைந்து நாள். அவள் விடுப்புக் கடிதத்திலும் அதே கணக்குதான் இருந்தது. ஒரு செடிக்கு யோசிக்காமல் கொடுப்பதை இவளுக்கு மூன்று வருஷம் கொடுக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். முதலாளி சத்தம் போட்டார். செக்கிங் மேசையில் நானே நிற்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை அவள் ரயில் ஏறினாள்.

சித்திரை முதல் நாள் அவளிடமிருந்து படம் வந்தது. கொண்டையில் இளஞ்சிவப்பாய்ப் பூங்கொத்து, பின்னால் மழையில் நனைந்த வாழைகள். இங்கே அன்று வெயில் கொளுத்தியது. ஏசித் தண்ணீர் தெளிக்கப் போனபோது வெட்டிய வேருக்கு மேலே பச்சையாய் ஒரு புது முனை தெரிந்தது.

அடுத்த சித்திரைக்கு அது பூத்தாலும் பார்க்க ரீமா இங்கே இருக்கமாட்டாள். விடுப்பு நோட்டில் அந்தப் பதினைந்து நாளுக்கு அவள் பெயரை இப்போதே எழுதிவிட்டேன். அப்போது பூவின் படம் அனுப்ப வேண்டியவள் நான்.