மோட்டார் வந்த வழி

எங்கள் அத்தை போட்டோவுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறாள். கண்ணாடி வெட்டும் கை; பேச்சும் அப்படித்தான் வெட்டும். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் ஒரே பேச்சில் விரட்டியவள். "கல்யாணமா? எனக்கு ஏது நேரம்?" என்பாள். ஆனால் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவோடு சண்டை போட மட்டும் தினமும் நேரம் கிடைத்தது.

சண்டை, கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவைப் பற்றி. ரயில் நிலைய வாசலில் அந்தக் காலத்து மோட்டார் கார். ஒரு விளக்கு கோணல். உள்ளே தொப்பிக்காரர் ஒருவர், உலகத்தையே விலைக்கு வாங்கியவர் போல.

"கூட்ஸ் வண்டியில வந்து இறங்கினதுங்க இது. அப்போ நல்ல ரோடு ஏது?" என்பார் குமாஸ்தா.

"சக்கரத்துல சேறு பாருங்க. ரயில்லயா சேறு இருக்கு? ரோட்டுல ஓடித்தான் வந்துச்சு!"

ஆறேழு வருஷமாக இதே பல்லவி. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும். அவர் ஆபீஸ் விடும் நேரம் பார்த்து அத்தை முகம் கழுவித் தலை வாரிக்கொள்வதைப் பார்த்தும், என் மரமண்டைக்கு எதுவும் ஏறவில்லை.

போன வாரம் பழைய பேப்பர் கடையில் எனக்கு இன்னொரு போட்டோ கிடைத்தது. அதே கோணல் விளக்கு, அதே தொப்பி. துள்ளிக்கொண்டு ஓடினேன். "அத்தை, உங்க வழக்கு தீர்ந்துது!"

பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "இதை யாருடி உன்கிட்ட கேட்டா?" என்று படக்கென்று கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கு தீர்ந்தால் அவர் எதற்கு வருவார்? நல்ல புத்திசாலி நான்!

அதற்குள் குமாஸ்தா வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்காமல் கவிழ்த்ததை நிமிர்த்தினார்.

சேற்று ரோட்டில் இரண்டு மாடுகள் காரை இழுத்துக்கொண்டு போகின்றன. தொப்பிக்காரர் மிடுக்குக் குறையாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் குமாஸ்தா சிரித்தார். அது அத்தைக்குத் தொற்றி, எனக்கும் தொற்றியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பசை டப்பா கவிழ்ந்தது, யாரும் நிமிர்த்தவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரோட்டுலதான் வந்திருக்கு. நான் தோத்துட்டேன். இனிமே என்ன சாக்கு சொல்லிட்டு இங்க வர்றது?"

அத்தை துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தாள். "சாக்கு எதுக்கு? என்னைக் கட்டிக்கிட்டா வீட்டுலயே சண்டை போடலாம்ல."

அவர் காது வரை சிவந்துபோனார். போட்டோவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"கட்டிக்கலாம்ங்க," என்றார் கடைசியில். "ஆனா மாடு இழுத்தா, அதுக்குப் பேரு ஓடுறதா?"