துரையின் விருந்துக்குப் பயந்து நான் பிடித்த விரதம்

இன்று காலை தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் ஒரு பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவில் கிறிஸ்மஸ் விருந்தாம்.

போன வருஷம் போய்ப் பட்டது போதும். கழுத்தில் டை, கையில் முள்ளுக்கரண்டி. துரை சிரித்தபோதெல்லாம் நாங்களும் சிரித்தோம். எதற்கென்று இன்றுவரை தெரியாது. லீவு நாளும் வீணாய்ப் போயிற்று.

"மார்கழி விரதம்ங்க சார். மாசம் முடியிற வரைக்கும் கவிச்சி தொடுறதில்ல" என்றேன்.

அவர் மரியாதையாக என் பெயரை வெட்டினார். அத்தோடு விட்டாரா மனுஷன்? தோட்டம் முழுக்கச் சொல்லி என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

மத்தியானம் வீட்டில் சோற்றில் கை வைக்கிறேன், வாசலில் பெரிய கங்காணி.

"ஐயா விரதம்னு கேள்விப்பட்டோம். ரொம்ப சந்தோசம்ங்க. தெனம் காலையில நாலு மணிக்கு மார்கழி பஜனை லயம் லயமா ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போகுதுங்களே, நாளையிலேருந்து நீங்கதான் முன்னால வெளக்கு புடிக்கணும்."

இந்தத் தலவாக்கலைக் குளிரில்!

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மூக்கைச் சுருக்கினார். "கருவாட்டு வாசம் அடிக்குதுங்களே?"

"அது பூனைக்குங்க" என்றாள் என் மனைவி.

கங்காணி கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் கருவாட்டுக் குழம்புச் சட்டியை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டே போய்விட்டாள். இனி தை பிறந்தால்தானாம்.

துரையோடு சிரித்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. விடிவதற்குள் யாராவது ஒன்று கொடுப்பீர்களா?