இரண்டாவது தோட்டா

அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் என் பேருக்கு மாறியது அண்ணனுக்குப் பிடிக்கவே இல்லை. அவன் ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அணைக்கட்டில் நிலத்தைப் பார்ப்பவள் நான். வேர்க்கடலையைப் பன்றி தோண்ட வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பதும் நான்தான்.

போன தேர்தலுக்கும் வழக்கம்போலத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். மாசக்கணக்கில் கிடந்தால் துருப்பிடிக்கும் என்று அண்ணன் எண்ணெய் விட்டுக் கொடுத்தான். அன்று அவன்மேல் பாசம்கூட வந்து தொலைத்தது.

திரும்பி வந்த பிறகு முதல் தடவை சுட்டபோது குழலுக்கு ஒன்றாக உள்ள இரண்டு டிரிகரில் முன் டிரிகரை மட்டும்தான் இழுத்தேன். இரண்டு குழலும் சேர்ந்து வெடித்தன. தோள் எலும்பில் விரிசல். பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே அண்ணன் சொன்னான்: "ரெண்டு டிரிகரையும் சேத்து இழுத்திருப்பா. பொம்பளைக்கு இன்னாத்துக்குத் துப்பாக்கி? லைசென்ச என் பேருக்கு மாத்திடலாம்."

கட்டுப் பிரித்ததும் வேலூரில் துப்பாக்கி ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டம்மி தோட்டா போட்டு முன் டிரிகரை இழுத்தார். ஒரே ஒரு 'டிக்'.

"நல்லாத்தானேம்மா இருக்குது. நீங்கதான் ரெண்டு விரலையும் வச்சிருப்பீங்க."

நான் விடவில்லை. "நெசத் தோட்டா உதைக்கும். டம்மி எங்க உதைக்குது? அடிக்கட்டையத் தட்டிப் பாருங்க."

மறுபடி முன் டிரிகரை இழுத்துவிட்டு, கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் இடித்தார். பின் டிரிகரை யாரும் தொடாமலே இரண்டாவது 'டிக்' கேட்டது.

பிரித்துப் பார்த்தார். தோட்டாவைத் தட்டும் இரண்டாவது சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, பிசினாக இறுகிப்போன எண்ணெயில் சிக்கி, நுனியில் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. துடைத்த துணியை மோந்து பார்த்தேன். அண்ணன் சட்டையில் வீசும் அதே நாற்றம். தோல் மெத்தென்று ஆக ஃபேக்டரியில் விடும் மீன் எண்ணெய். தோலுக்கு நல்லதென்றால் துப்பாக்கிக்கும் நல்லது என்று ஊற்றியிருக்கிறான்.

அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று அந்தத் துணியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். "நல்லதுக்குத்தான் ஊத்துனேன்" என்று முணுமுணுத்தான். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"வெளிய சொல்லிடாதடி. சம்பந்தி வீட்டுல அவன் மானம் போய்டும்."

"என் மானம்?"

"நீ பொம்பளதானேன்னு உட்ருவாங்க."

லைசென்ஸை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இப்போது நான் துப்பாக்கியைத் தூக்கினாலே பக்கத்து நிலத்துக்காரர்கள் "ஒரு விரலு, ஒரு விரலு" என்று கத்திச் சிரிக்கிறார்கள். ஊருக்கு வந்திருந்தால் அண்ணனும் வரப்பில் நின்று அவர்களோடு சிரிக்கிறான்.