மீன் எண்ணெய் பூசிய வண்டி

என் மனைவி இறந்த பிறகு நான் வண்டியை எடுக்கவில்லை. பாபநாசத்துக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வீடு. பக்கத்துக் கொல்லையில் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கார்த்திகை மழையில் வாய்க்கால் வழிந்து கொல்லைக்குள் தண்ணீர் வந்தது. சக்கரங்கள் பாதி மறைந்தன. நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்த்த வேண்டும் என்று தெரிந்தது. நகர்த்தவில்லை.

அது வாங்கும்போதே பழைய வண்டி. நீண்ட மூக்கும் உருண்டை விளக்கும் உள்ள பிக்கப். அந்த மாதிரி வண்டியை இப்போது சாலையில் பார்க்க முடியாது. விடியும் முன்பே பூம்புகார் போய் மீனும் ஐஸும் ஏற்றி வந்து, பாபநாசம் தெருக்களில் விற்போம். நான் ஓட்டுவேன், அவள் கூவுவாள். அவள் கடற்கரைப் பெண். அந்தத் தொழில் அவளுடையது. நான் நெல் ஊர்க்காரன். எனக்கு மீன் பேரமும் வராது, கூவவும் வராது. அவள் இறங்கிப் பேசும்போது நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அன்று வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அழுகை பிறகு வரும் என்று சொன்னார்கள். வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல இருந்தது.

மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். மகள் என்னை அழைத்துக்கொண்டு போனாள். அங்கே காலையில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வெயில் சுவரில் ஏறி, அடுத்த சுவருக்குப் போகும். அதை முழுக்கப் பார்ப்பேன். கொஞ்ச நாளில், யாராவது தட்டை நீட்டினால்தான் பசி என்பதே நினைவுக்கு வந்தது. இங்கேயே இருந்தால் இந்த நாற்காலியோடு நான் முடிந்துபோவேன் என்று தெரிந்தது. பயம் இல்லை. தெரிந்தது, அவ்வளவுதான். ரேஷன் கார்டு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். கொல்லைக்குப் போய் வண்டியைப் பார்த்தாள்.

“பழைய இரும்புக்காரரு வந்து கேட்டாராமே. ஏம்பா குடுக்கல?”

“ஓட்டலாம்னு.”

“எதை ஓட்டுறது? இந்தக் கதவைப் பாருங்க.” துரு தின்ற ஓட்டையில் கையை விட்டாள். விரல்கள் அந்தப் பக்கம் வந்தன. அவற்றை ஆட்டிக் காட்டினாள். “காக்கா கூடு கட்டாததுதான் பாக்கி.”

கையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டு அவளே பேசினாள்.

“நான் ஒண்ணு சொல்றேன். ஆடி பொறக்கறதுக்குள்ள இது எப்.சி. வாங்கி ரோட்டுல ஓடணும். ஓடலன்னா இதை எடைக்குப் போட்டுட்டு, வீட்டைப் பூட்டிக்கிட்டு எங்கூட வந்துடணும். ஊர்ல தனியா கிடக்கறீங்கன்னு எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க. சரியா?”

“சரி.”

“சரின்னா சரி. அப்பறம் பேச்சு மாறக் கூடாது.”

எப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கும் சான்று. அது இல்லாமல் சரக்கு ஏற்ற முடியாது. வண்டி ஓடாவிட்டால் எனக்கு அந்த நாற்காலிதான்.

மாசியில் தொடங்கினேன். ஏர் பில்டரைத் திறந்தால் உள்ளே எலி வைக்கோல் கொண்டு வந்து அடைத்திருந்தது. பிரேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தன. அடியில் படுத்துச் சுரண்டினேன். துரு, புழுங்கல் அரிசித் தவிடு போல முகத்தில் கொட்டியது. பல வருடம் ஐஸ் உருகி, உப்பும் மீன் ரத்தமும் கலந்த தண்ணீர் பின்தொட்டியின் இடுக்கு வழியாகச் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் சொட்டியிருக்கிறது. அது விழுந்த இடத்தில் எல்லாம் இரும்பு அப்பளமாக இருந்தது. அழுத்தினால் உடைந்தது. காலையில் படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பேன். ஆசையாகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. சுரண்டத் தொடங்கினால் கை தானாகச் சுரண்டியது.

சித்திரையில் கடலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கரையில் நிற்கும். என் மனைவியின் தம்பி பூம்புகாரிலிருந்து வந்தான். படகு இஞ்சினும் வெல்டிங்கும் தெரிந்தவன். வாயும் அவன் அக்கா வாய்தான்.

“என்ன மாமா, வண்டிய வெச்சிருக்கீங்களா, பொதச்சிருக்கீங்களா?”

“வா மாப்ள.”

“வந்துட்டேன். மொதல்ல டீ சொல்லுங்க. அடியில யாரு படுக்கறதுன்னு அப்பறம் பேசலாம்.”

பேசவில்லை. அவனே படுத்தான். உளுத்த தகட்டை எல்லாம் வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தான். டீசல் பம்பைக் கழற்றிக் கும்பகோணம் கொண்டு போய்ச் சரிபார்த்து வந்தோம். பின்தொட்டிக்கு ஒரு பெட்டி செய்தோம். இரண்டு தகட்டுக்கு நடுவில் தெர்மாகோல் வைத்து, ஐஸ் சீக்கிரம் உருகாதபடி. உருகும் தண்ணீர் சேசிஸைத் தொடாமல் நேராகத் தரையில் விழ, ஒரு மூலையில் ஓட்டை போட்டுப் பி.வி.சி. குழாய் இறக்கினோம். எப்.சி.க்குப் போகும்போது கழற்றி வைக்க வேண்டும் என்பதால் பெட்டியை வெல்டு அடிக்காமல் போல்ட்டு போட்டு முடுக்கினோம்.

பிறகுதான் அவன் ஊரிலிருந்து கொண்டு வந்த கேனைத் திறந்தான். மத்தி மீன் எண்ணெய்.

“எங்க பாட்டன் காலத்துலேருந்து கட்டுமரத்துக்கு இதான். மரத்துக்குள்ள கடலையே விடாது. துரு எம்மாத்திரம்?”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. சேசிஸில் பூசினோம். மிச்சம் இருந்ததை வீணாக்குவானேன் என்று கதவு, மூக்கு, கூரை, மட்கார்டு எல்லாவற்றிலும் துணியால் தேய்த்தோம். வண்டி கருகருவென்று மின்னியது. தெருவில் இருந்த பூனைகள் அத்தனையும் எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டன. பானெட் மேல் ஒன்று, அதைப் பார்த்து உறுமியபடி இன்னொன்று.

“பாத்தீங்களா மாமா, வாடிக்கை இப்பவே வந்துருச்சு” என்றான்.

எண்ணெய் நன்றாக ஊறட்டும் என்று காயவிட்டு, மேலே ரெட் ஆக்சைடு அடித்து, அதற்கு மேல் நீலம் அடித்தோம். ஆனி பிறந்தது. கடல் திறந்தது. அவன் படகுக்குப் போய்விட்டான்.

அடுத்த வாரம் வெயில் ஏறிய ஒரு மத்தியானம் கதவில் கொப்புளம் கண்டேன். விரலால் தொட்டேன். அம்மைத் தோல் போல நீலம் உரிந்து வந்தது. அடியில் எண்ணெய் ஈரம். மூக்கு, கூரை, எல்லா இடத்திலும் அப்படித்தான்.

கடைத்தெருவில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பாயைக் கூட்டி வந்தேன். கிட்டே வந்து முகர்ந்தார். பூனைகளைப் பார்த்தார்.

“ஏங்க, பெயின்ட் அடிச்சீங்களா, கொழம்பு வெச்சீங்களா?”

“மரத்துக்கு நல்லதுன்னு மச்சினன் சொன்னாப்ல.”

“மரம் குடிக்கும்ங்க. தகடு எங்க குடிக்கும்? அடியில இருக்கறத விடுங்க, அது கெடுதல் இல்ல. மேல பூராவும் எடுத்துடணும். சலவைச் சோடா போட்டுச் சுடுதண்ணியில கழுவுங்க, தின்னர்ல தொடைங்க, வெயில்ல போடுங்க. மறுபடி எண்ணெய் கசியும். மறுபடி தொடைங்க. எப்ப கசியலையோ அப்ப என்னைக் கூப்பிடுங்க.”

“ஆடிக்குள்ள ஆயிருமா?”

“அது எண்ணெயத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் துடைத்தேன். தகடும் தகடும் சேரும் இடுக்குகளில் எண்ணெய் புகுந்திருந்தது. வெயில் ஏற ஏற மெல்ல வியர்த்தது. துடைத்தால் அடுத்த நாள் மறுபடி வியர்த்தது. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. சோற்றைப் பிசையும்போது சூடு தெரியவில்லை. சுற்றிலும் குறுவை நடவு. பெண்கள் வரப்பில் போகும்போது மூக்கை மூடிக்கொண்டு, “என்னண்ணே, இன்னிக்கி என்ன மீனு?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் குனிந்துகொள்வேன். என் மனைவி இருந்திருந்தால் பதிலுக்கு நான்கு சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கதவைத் தடவினால் விரல் உலர்ந்து வந்தது. கூரையைத் தடவினேன். உலர்ந்திருந்தது. பாயைக் கூப்பிட்டேன். பட்டி பார்த்து, மறுபடி நீலம் அடித்தார். இந்த முறை பிடித்தது.

ஆடிக்குச் சில நாள் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். அங்கே இருந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், ஓட்டிப் பிரேக் பிடிக்கச் சொன்னார். குனிந்து அடியில் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“மீன் வண்டியா?”

“ஆமாங்க.”

“சேசிஸ் நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

கிடைத்துவிட்டது. வெளியே வந்து டீ குடித்தேன். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். டீ சூடாக இருந்தது.

மகளுக்குப் போன் செய்தேன்.

“எப்.சி. ஆயிருச்சும்மா.”

அவளுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

“அப்ப வரமாட்டீங்க.”

“வரலம்மா.”

“வண்டி ஓடும், சரி. யாருப்பா கூவுறது? நீங்களா? கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கவே என்னைத்தான் கேக்கச் சொல்லுவீங்க.”

அத்தனை மாதம் அடியில் படுத்திருந்தபோதும் அதை மட்டும் நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் படுத்திருந்தேனோ என்னவோ. அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. அழுத்தினேன். “மீனு மீனு மீனேய்… பூம்புகார் மீனு, காலையில புடிச்ச மீனு, சங்கரா, மத்தி, காணாங்கெளுத்தி… வாங்கம்மா வாங்க…” மகளுடைய குரல். அவள் அம்மாவுக்கு நல்ல கனத்த குரல். இவளுக்குக் கீச்சுக் குரல். நடுவில் இருமுகிறாள். எங்கோ ஒரு குழந்தை அழுகிறது. கீழே தனியாக இன்னொன்று வந்திருந்தது: “ஸ்பீக்கர் வாங்கி இதப் போட்டுக்குங்க. விலை கேட்டா வாயத் தொறந்து சொல்லுங்க. மாசம் ஒரு தடவ இங்க வரணும்.”

ஆடி முதல் வாரம் பூம்புகார் போய் மச்சினன் படகிலிருந்து மீன் ஏற்றி வந்தேன். பாபநாசத்தில் முதல் தெருவில் வண்டியை நிறுத்தி ஸ்பீக்கரைப் போட்டேன். மகள் கூவினாள். இருமினாள். மறுபடி கூவினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ஓர் அம்மா சட்டியோடு வந்து முன்பக்கச் சன்னல் அருகே நின்றார்.

“சங்கரா எவ்ளோங்க?”

ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்ததால் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். ஸ்பீக்கரை நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கினேன். விலையைச் சொன்னேன்.

“ஜாஸ்தியா சொல்றீங்களே” என்றார்.

பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்து, ஐஸை விலக்கி, மீனைக் காட்டினேன்.